சீன இயற்கைப் பாடல்களில் இடர் ஏற்கும் உள்ளம்



பத்து ஆண்டுகள் என்பது ஓர் இலக்கிய வட்டத்தின் வாழ்வில் பெருமிதத்துடன் திரும்பிப் பார்க்கத்தக்க காலம். அதே பத்து ஆண்டுகள் ஒரு கவிஞரின் வாழ்வில் தண்டனைக் காலமாக அமைந்ததும் உண்டு. கி.பி. 805-ஆம் ஆண்டு, தாங் பேரரசின் தலைநகராகிய சாங்கானில், ஆட்சியைச் சீர்திருத்த முயன்ற குழுவொன்று வீழ்த்தப்பட்டது. அக்குழுவில் ஒருவராக விளங்கிய லியூ சோங்யுவான் என்னும் இளம் அலுவலர், தெற்கே நெடுந்தொலைவில் இருந்த யோங்ஜோ என்னும் ஊருக்கு, அதிகாரம் ஏதுமற்ற பதவியொன்றின் பெயரால் அனுப்பப்பட்டார். உடன் சென்ற முதிய தாய் மறு ஆண்டே அங்கு மறைந்தார். தலைநகர் திரும்பும் அழைப்பு வரும், வரும் என்று காத்திருந்த அவருக்குக் கழிந்தவை முழுமையாகப் பத்து ஆண்டுகள்.

அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் மலைகளையும் ஓடைகளையும் தேடித் திரிந்தார். யாரும் கண்டுகொள்ளாத ஒரு சிறு குன்றை நானூறு செப்புக் காசுக்கு விலைக்கு வாங்கினார். புதர்களை வெட்டி, களைகளை எரித்து, பாறைகளும் நல்ல மரங்களும் வெளித்தோன்றுமாறு செய்தார். இதே குன்று தலைநகரின் அருகே இருந்திருப்பின் செல்வர்கள் போட்டியிட்டு விலையை நாள்தோறும் உயர்த்தியிருப்பர். இங்கே உழவரும் மீனவரும் கடந்து செல்லும் வழியில் மதிப்பாரின்றிக் கிடக்கிறது என்று எழுதினார். குன்றைப் பற்றி எழுதிய அந்த உரைநடையைப் படிக்கும் எவர்க்கும் அவர் யாரைப் பற்றி எழுதினார் என்பது விளங்கும். தம் பெயரைச் சொல்லாமலே தம் துயரை ஒரு குன்றின்மேல் ஏற்றிவைத்தார் அவர்.

சீனப் பழங்கவிதையில் இயற்கை என்பது வெறும் அழகுக் காட்சியன்று. பதவி இழந்தோர், பழி சுமந்தோர், நாடு கடத்தப்பெற்றோர் ஆகியோரின் உள்ளம் தங்கிய இடம் அது. எனினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. துன்பம் நேரும்பொழுது மலையையும் நிலவையும் பார்த்து அமைதி கொள்வது உண்மையான ஏற்புடைமையா? அல்லது எதிர்த்து நிற்க இயலாதவர் தேடிக்கொள்ளும் ஒளிவிடமா? இவ்வினாவைப் புறக்கணித்துவிட்டு அப்பாடல்களைப் புகழ்வது எளிது. ஆனால் அது அக்கவிஞர்களுக்குச் செய்யும் நீதியாகாது. மூவர் வாழ்வை முன்வைத்து இதற்கு விடை காண முயல்வது பொருத்தமாகும்.

பதவியைத் துறந்தவர்

முதலாமவர் தாவோ யுவான்மிங். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லூ மலையின் அடிவாரத்தில், இன்றைய ஜியாங்சி மாநிலத்தில் வாழ்ந்தவர். படைத்தலைவராகப் புகழ்பெற்ற தாவோ கான் என்பவரின் வழித்தோன்றல். எனினும் குடும்பம் வறுமையுற்றிருந்தது. பிள்ளைகள் பலர், குதிரில் அரிசி இல்லை. ஆகவே 405-இல் பெங்ஸே என்னும் ஊரின் ஆட்சியலுவலர் பதவியை ஏற்றார். எண்பது நாள்கள் சற்றே கடந்ததும் அப்பதவியை விட்டு வீடு திரும்பினார். மீண்டும் எப்பதவியையும் ஏற்றாரில்லை. 427-இல் மறையும்வரை நிலத்தை உழுதே வாழ்ந்தார்.

மேலதிகாரியின் முன் முறையான உடையுடுத்திக் குனிந்து நிற்க வேண்டுமென்றபோது, சில படி அரிசிக்காக இடுப்பை வளைக்க இயலாதென்று சொல்லிப் பதவி விலகினார் என வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. அவரே எழுதிய முன்னுரையோ, தங்கை இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டதாகக் கூறுகின்றது. முன்னது வீரக்கதை, பின்னது மனிதத் துயர். இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும்.

ஊர் திரும்பியதால் அவருக்கு இன்பமே விளைந்தது என்று எண்ணுதல் தவறு. 408-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் வீடு தீப்பற்றி முற்றிலும் எரிந்தது. குடும்பம் வாயிலருகே இருந்த படகில் தங்கியது. அத்தீ விபத்தைப் பற்றி அவர் பாடிய பாடலொன்று உள்ளது. அதில் அலறலும் இல்லை. தத்துவ உபதேசமும் இல்லை. தோட்டத்துச் செடிகள் மீண்டும் தலைதூக்கியதையும், அஞ்சிப் பறந்த பறவைகள் இன்னும் திரும்பாததையும் கவனிக்கும் கண் ஒன்று மட்டும் அதில் உள்ளது. இழந்ததையும் எஞ்சியதையும் ஒரே நேர்மையுடன் பார்க்கும் அக்கண்ணே தாவோவின் கவிதை. பசியால் பிறர் வீட்டுக் கதவைத் தட்ட நேர்ந்த நாளையும் அவர் மறைக்காமல் பாடியுள்ளார்.

உடல், நிழல், உள்ளுணர்வு ஆகிய மூன்றும் தம்முள் உரையாடுவதாக அவர் அமைத்த பாடல் தொகுதி குறிப்பிடத்தக்கது. சாவு உறுதியாதலின் மது அருந்தி மகிழ்க என்கின்றது உடல். நற்செயல் புரிந்து பெயர் நிறுத்துக என்கின்றது நிழல். இரண்டையும் கேட்ட உள்ளுணர்வோ, குடி உடலைக் குறைக்கும், புகழைப் பேச யாரும் எஞ்சமாட்டார் எனக் காட்டிவிட்டு, பேரியற்கையின் மாற்றத்தோடு ஒன்றிச் செல்வதே வழியென முடிக்கின்றது. மகிழ்ச்சியும் வேண்டா, அச்சமும் வேண்டா என்னும் அந்நிலை ஏடுகளிலிருந்து பெற்றதன்று; விதைப்பும் அறுவடையும், உறைபனியும் வறட்சியும் கற்பித்தது.

பழியைச் சுமந்தவர்

இரண்டாமவர் வாங் வெய். எட்டாம் நூற்றாண்டில் கவிஞராகவும் ஓவியராகவும் இசைவல்லவராகவும் விளங்கியவர். இவர் தாயார் பௌத்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். இல்லறத்தில் இருந்தவாறே ஞானம் பெற்றவராக இந்திய நூலொன்று போற்றும் விமலகீர்த்தியின் பெயர் சீனத்தில் வெய்மோஜே என வழங்கும். அதில் முதலெழுத்தாகிய வெய் என்பதைத் தம் பெயராகவும், எஞ்சிய மோஜே என்பதைச் சிறப்புப் பெயராகவும் கொண்டவர் இக்கவிஞர். இளமையிலேயே மனைவியை இழந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மறுமணம் செய்யாமல் தனித்தே வாழ்ந்தார்.

தலைநகரின் தெற்கே, லந்தியான் பகுதியில், வாங்சுவான் என்னும் பள்ளத்தாக்கில் அவருக்கு ஒரு தோட்ட இல்லம் இருந்தது. நண்பர் பெய் தி என்பவருடன் அப்பள்ளத்தாக்கின் இருபது இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திற்கும் இருவரும் ஒவ்வொரு பாடல் இயற்றினர். ஆக நாற்பது பாடல்கள். ஒவ்வொன்றும் நான்கு அடிகள், அடிக்கு ஐந்து எழுத்துகள், மொத்தம் இருபதே எழுத்துகள். ஆளற்ற மலை, எங்கிருந்தோ வரும் மனிதக் குரல், பாசியின்மேல் வந்து விழும் மாலை ஒளி போன்றவை தவிர அவற்றுள் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை.

ஈண்டுச் சீனமொழியின் ஓர் இயல்பைத் தமிழன்பர்கள் நினைவிற்கொள்ளுதல் நலம். தமிழில் வினைமுற்று ஒன்றைச் சொன்ன அளவிலேயே தன்மையா, முன்னிலையா, படர்க்கையா என்பது தெரிந்துவிடும். கண்டேன் என்றால் காண்பவர் வந்துவிடுவார். சீனமொழியின் வினைச்சொல்லுக்கு இத்தகைய ஈறு இல்லை. காலம் காட்டும் இடைநிலையும் இல்லை. செய்யுளில் எழுவாயையும் விட்டுவிடலாம். எனவே மலையைக் காண்பவர் யார், அது நேற்றா இன்றா என்று சொல்லாமலே பாடல் நிறைவுறும். காண்பவர் மறைய, காட்சி மட்டும் நிற்கும். தமிழ் அகப்பாடலில் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைத் தாங்கி நிற்கும். அங்கே தலைவியின் உள்ளம் குறிஞ்சியிலோ நெய்தலிலோ நிழலாடும். வாங் வெய்யின் சிறந்த பாடல்களிலோ நிழலாடும் உள்ளமே கரைந்துவிடுகின்றது. நான் இழந்தேன் என்று புலம்புவதற்கு அந்த இருபது எழுத்துகளுள் நான் என்ற சொல்லுக்கே இடமில்லை. ஏற்புடைமை அங்கே கருத்தாக உரைக்கப்படவில்லை, இலக்கணமாகவே அமைந்துவிட்டது.

இத்தகைய அமைதியைப் பாடியவரை வாழ்க்கை விட்டுவைத்ததா என்றால், இல்லை. 755-இல் அன் லுஷான் என்னும் படைத்தலைவன் கலகம் செய்தான். 756-இல் சாங்கான் வீழ்ந்தது, பேரரசர் தப்பியோடினார், வாங் வெய் கலகக்காரர் கையிற் சிக்கினார். மருந்துண்டு நோயாளிபோல் நடித்தும் பயனின்றி, லுவோயாங் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்கள் ஆட்சியில் பதவியேற்குமாறு வற்புறுத்தப்பட்டார். 757-இல் தலைநகர் மீட்கப்பட்டதும், பகைவரிடம் பதவி வகித்தவர் என்னும் குற்றச்சாட்டு அவர்மேல் வந்தது. சிறையிருந்தபொழுது வீழ்ந்த அரசை நினைந்து அவர் இயற்றிய நான்கடிப் பாடல் ஒன்றும், தம் பதவியைக் குறைத்துக்கொண்டேனும் தமையனைக் காக்க வேண்டுமென்று மன்றாடிய தம்பி வாங் ஜின்னின் அன்பும் அவர் உயிரைக் காத்தன.

இங்கு ஒன்றை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வாங்சுவான் பாடல்கள் இக்கலகத்திற்கு முற்பட்டவை என்பதே பெரும்பாலோர் கொள்கை. அதாவது, அமைதியைப் பாடிய பின்னரே அவருக்குப் பேரிடர் நேர்ந்தது. அப்பாடல்கள் அவரை வீரராக்கவில்லை, அவமானத்திலிருந்து காக்கவுமில்லை. ஆனால் அவமானத்திற்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதைக் காணுதல் வேண்டும். தம் குறைகளைத் தாமே பட்டியலிட்டு அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். விரும்பி வாழ்ந்த வாங்சுவான் இல்லத்தை, மறைந்த தாயின் நினைவாகப் பௌத்த மடமாக்குமாறு வேண்டி அளித்தார். தமக்குரிய பதவி நிலத்தின் விளைச்சலை ஏழைகளின் கஞ்சிக்கு வழங்க அனுமதி கேட்டார். 761-இல் மறைந்தார். தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ள முயலாத உள்ளம், தம் பிழையை மறைக்கவும் முயலவில்லை. நான் என்ற சொல்லை விட்டுப் பாடிப் பழகியதன் பயன் அதுவாக இருத்தல் கூடும்.

மழையில் நடந்தவர்

மூன்றாமவர் சூ ஷி. சூ துங்போ எனவும் வழங்கப்பெறுபவர். 1037-இல் பிறந்த இவர் சொங் பேரரசின் தலைசிறந்த எழுத்தாளர். 1077-இல் சோழநாட்டின் பெயரால் ஒரு தூதுக்குழு சென்று சேர்ந்ததாகச் சீன ஏடுகள் குறிப்பிடுவது இவர் வாழ்ந்த காலத்துச் சொங் அரசவையைத்தான். இரண்டாண்டு கழித்து, 1079-இல், அதே அரசவை இவரைச் சிறையிலிட்டது. குற்றம், கவிதை எழுதியது. அரசின் புதிய சட்டங்களால் மக்கள் படும் துன்பத்தைப் பாடல்களில் எள்ளினார் என்று, அடியடியாக எடுத்துக்காட்டி விசாரணை நடந்தது. நான்கு மாதங்களுக்கு மேலாகச் சிறையில், இன்றோ நாளையோ தலை போகுமென்னும் நிலையில் இருந்தார். இறுதியில் உயிர் தப்பி, 1080-இல் யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஊதியம் போதவில்லை. மாதத்தின் முதல் நாள் நாலாயிரத்து ஐந்நூறு காசுகளை எடுத்து முப்பது பங்காகக் கட்டி, உத்தரத்தில் தொங்கவிடுவாராம். நாள்தோறும் காலையில் கோலால் ஒன்றை இறக்கிக்கொண்டு, உடனே கோலை ஒளித்துவைத்துவிடுவாராம். அன்றைய நூற்றைம்பது காசில் மிச்சமானால் அது மூங்கிற் குழாய்க்குள் போகும். விருந்தினர் வந்தால் அதிலிருந்து செலவாகும். நண்பருக்கு எழுதிய மடலில் அவரே இதைச் சிரித்துக்கொண்டு விவரிக்கின்றார். 1081-இல், கைவிடப்பட்ட பழைய படைமுகாம் நிலம் ஒன்றைப் பெற்று, கல்லும் முள்ளும் களைந்து பயிரிட்டார். ஊரின் கிழக்கே இருந்த சரிவு அது. கிழக்குச் சரிவு என்னும் பொருள்தரும் துங்போ என்பதே அவர் பெயராயிற்று. தண்டனையாகக் கிடைத்த மண்ணைத் தம் பெயராக ஏற்றுக்கொண்ட கவிஞர் அவர்.

1082-ஆம் ஆண்டு வசந்தத்தில் நண்பர்களுடன் நிலம் பார்க்கச் சென்றார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காப்பு உடைகளைச் சுமந்தவர்கள் முன்னே சென்றுவிட்டனர். மற்றவர்கள் பதறினர், அவர் மட்டும் பாடிக்கொண்டு மெல்ல நடந்தார். சற்று நேரத்தில் வெயிலடித்தது. இச்சிறு நிகழ்ச்சியைப் பற்றி அவர் ஒரு பாடல் புனைந்தார். திரும்பிப் பார்க்கையில் மழை என்றும் இல்லை, வெயில் என்றும் இல்லை என்னும் நிலையில் அது முடிகின்றது. மழை வராது என்று அவர் நம்பவில்லை. மழை இன்பமானது என்று பொய் சொல்லவுமில்லை. நனைந்தவாறே நடக்கலாம் என்பதைக் கண்டுகொண்டார், அவ்வளவே.

அதே ஆண்டில் செம்பாறையைப் பற்றி இரண்டு உரைப்பாக்களை இயற்றினார். முதலாவதில், நிலவொளியில் படகில் செல்லும் விருந்தினர் ஒருவர், இங்கே போரிட்ட வீரர் எங்கே, மனித வாழ்வு எத்துணைக் குறுகியது என்று வருந்துகின்றார். ஆறு ஓடிக்கொண்டே இருப்பினும் தீர்ந்துபோவதில்லை; நிலவு தேய்ந்து வளரினும் குறைவதில்லை என்று விடையளிக்கின்றார் சூ. உடைமை ஒவ்வொன்றுக்கும் உரியவர் உண்டு. ஆற்றுக் காற்றுக்கும் மலை நிலவுக்கும் விலையும் இல்லை, தடையும் இல்லை. பதவி, வீடு, நற்பெயர் அனைத்தும் பறிக்கப்பட்ட ஒருவர் பறிக்க இயலாதவற்றை எண்ணிப் பார்க்கின்றார்.

ஏற்புடைமை செயலின்மை ஆகுமா

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிட்டுகின்றது. சூ துங்போ நிலவைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தவர் அல்லர். ஹுவாங்ஜோ பகுதியில் வறுமையால் பிறந்த குழந்தைகளை நீரில் அமிழ்த்திக் கொல்லும் வழக்கம் இருந்தது. அதைக் கேட்ட நாளில் உண்ண மனமின்றி, அண்டை மாவட்ட ஆட்சியாளருக்கு உருக்கமான மடல் எழுதினார். ஊரில் வசதியுடையோரிடம் பொருள் திரட்டி ஏழைக் குழந்தைகளைக் காக்க வழிசெய்தார். ஆணையிடும் அதிகாரம் ஏதுமில்லாத தண்டனைக் கைதி ஒருவர் செய்த பணி இது. பின்னர்ப் பதவி மீண்டபோது, 1089 முதல் ஹாங்ஜோவில் மேற்கு ஏரியைத் தூர்வாரி, அச்சேற்றைக் கொண்டே கரையொன்று அமைத்தார். அது இன்றும் அவர் பெயரால் நிற்கின்றது. தமக்கு நேர்ந்ததை ஏற்றுக்கொள்வது வேறு, பிறர்க்கு நேரும் கொடுமையை ஏற்றுக்கொள்வது வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

கண்ணீரின்மையும் ஏற்புடைமை ஆகாது. 1065-இல் மறைந்த முதல் மனைவியைப் பத்தாண்டு கழித்துக் கனவில் கண்டு அவர் பாடிய பாடல் சீன இலக்கியத்தின் உயர்ந்த கையறுநிலைப் பாடல்களுள் ஒன்று. 1084-இல் ஒரு வயதும் நிறையாத மகன் இறந்தபோது, துறவு மனத்தோடு அதைக் கடந்ததாக அவர் நடிக்கவில்லை. தாயின் அழுகையையும் தம் அழுகையையும் பாடலில் வைத்தார். நூல்கள் கற்பித்த ஞானமெல்லாம் அந்நாளில் உதவவில்லை என்பதையும் மறைத்தாரில்லை.

1094-இல் மீண்டும் தண்டனை, தெற்கே ஹுய்ஜோ. அங்கே துணையாயிருந்த சாவ்யுன் 1096-இல் நோயால் மறைந்தார். 1097-இல் அறுபது வயதில், கடல் கடந்து ஹைனான் தீவுக்கு அனுப்பப்பட்டார். அரசுக் குடியிருப்பிலிருந்தும் வெளியேற்றப்பட்டபோது, உள்ளூர் மக்கள் கைகொடுக்க, எளிய குடில் ஒன்று எழுந்தது. அந்நாள்களில் அவருக்குத் துணையாயிருந்த நூல் எது? ஏழு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த தாவோ யுவான்மிங்கின் கவிதைகள். தாவோவின் பாடல்களுக்கு அதே இயைபுச் சொற்களைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பாடல்கள் இயற்றினார். வீடு எரிந்த உழவர் ஒருவர், வீடிழந்த கைதி ஒருவருக்குக் காலம் கடந்து கைநீட்டினார். இலக்கியம் எதற்கு என்று கேட்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டா.

1100-இல் மன்னிப்புக் கிடைத்தது. வடக்கே திரும்பும் வழியில், 1101-இல், சாங்ஜோவில் உயிர் நீத்தார். அதற்குச் சற்று முன், தம் உருவப் படத்தைக் கண்டு எழுதிய சிறு பாடலில், தம் வாழ்நாட் சாதனை எது என்று கேட்பின் ஹுவாங்ஜோ, ஹுய்ஜோ, தான்ஜோ என்று மூன்று ஊர்ப் பெயர்களைக் காட்டுகின்றார். மூன்றும் அவர் தண்டனை பெற்று வாழ்ந்த இடங்கள். அதில் கசப்பு இல்லையென்று சொல்ல இயலாது. கசப்பு மட்டுமே உள்ளது என்றும் சொல்ல இயலாது. பகைவர் தமக்கு இட்ட தண்டனையைத் தம் வாழ்வின் கணக்கில் வரவாக எழுதிவிட்டுச் சென்றார்.

லியூ சோங்யுவானுக்கோ அந்த அமைதி முழுமையாகக் கைகூடவில்லை. பத்தாண்டுக்குப் பின் 815-இல் தலைநகருக்கு அழைக்கப்பட்டவர், உடனே அதைவிடத் தொலைவான லியூஜோவுக்கு அனுப்பப்பட்டார்; 819-இல் அங்கேயே மறைந்தார். ஆயினும் அங்கே, கடனுக்காக அடிமைப்பட்டிருந்தவர்கள் தம் உழைப்பின் கூலியைக் கணக்கிட்டு விடுதலை பெற வழிவகுத்தார் என்று அவர் நண்பர் ஹான் யூ கல்லறை வாசகத்தில் பொறித்தார். துயரம் தீராமலே நன்மை செய்ய இயலும் என்பதற்கு அவர் சான்று.

சீன இயற்கைப் பாடல்கள் துன்பத்தை நீக்கும் மருந்தல்ல. வீடு எரிந்தது, பழி வந்தது, குழந்தை இறந்தது. எதையும் மலை தடுத்துவிடவில்லை. ஆயினும் எரிந்த தோட்டத்தில் துளிர்க்கும் செடியை நின்று பார்க்க ஒரு கண்ணையும், நனைந்துகொண்டே அடுத்த அடி எடுத்துவைக்க ஒரு காலையும் அப்பாடல்கள் தந்துள்ளன. நானூறு காசுக்கு வாங்கிய அந்தச் சிறு குன்றைத் தேடி அன்று எவரும் வரவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, தமிழ் கேட்கும் ஓர் அவையில் அது பேசப்படுகின்றது.